ஒரு நாள் குழாய் வேலை

புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு நான் பலகையை விரித்து வைத்தேன். பலகை என்றால் எங்கள் சேவைச் சங்கத்தின் பேட்ஜ் பலகை. மடித்தால் பெட்டி, விரித்தால் நாற்பது சின்ன ஆணிகள், ஆணிக்கு ஒரு பேட்ஜ். ஹோட்டல் மாடியில் வாரா வாரம் கூடுகிற அந்த நீள அறையின் வாசலில் இதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நானும் நிற்பேன். வருகிறவர்கள் தங்கள் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு உள்ளே போவார்கள். கூட்டம் முடிந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். தாமதமாக வந்தால் அபராதம். கூட்டத்தில் செல்போன் அடித்தால் அபராதம். சிறப்புப் பேச்சாளர் அறுத்துத் தள்ளும்போது கொட்டாவி விட்டால் அபராதம். பேட்ஜோடு வீட்டுக்குப் போய்விட்டால் அபராதம் மட்டுமில்லை, அதை வீடு தேடிப் போய் மீட்டு வரவும் வேண்டும். இத்தனையும் என் பொறுப்பு. பல் டாக்டர் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வாசலிலேயே கொடுத்துவிட்டார், நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கத்தில் எனக்குப் பெயரே 'அபராதம்'தான். "அபராதம் வந்தாச்சா? அப்போ மணியடிங்க" என்பார் தலைவர். அவருக்கு மரச்சாமான் கடை. நான் எழுந்து நின்றாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். யார் புது கார் வாங்கினார்கள், யார் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார்கள் என்று ஒரு வாரம் முழுக்கத் துப்புத் துலக்கி வைத்திருப்பேன். பத்து நிமிஷம் அந்த அறை என் கையில். அப்புறம் நன்றியுரை, மணி, படிக்கட்டு. கீழே இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினால் அடுத்த புதன் வரைக்கும் என்னிடம் "என்னய்யா, எப்படி இருக்கே?" என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

நான் பிளம்பர். ஒரு நாளைக்கு நாலு வீடு போகிறேன். மனுஷ முகத்தைப் பார்க்காமல் இல்லை. ஆனால் பிளம்பரைப் பார்க்கிற முகம் வேறு. "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்கிற முகம் அது. சமையலறை சிங்க்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்திருப்பேன். மேலே குடும்பம் நடக்கும். பிள்ளை அடி வாங்கும், மாமியாரைப் பற்றிப் பேச்சு ஓடும், யாரோ சிரிப்பார்கள். முடித்து எழுந்தால் பேச்சு நின்றுவிடும். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க." என் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. "வீட்டுக்குள்ளேயே சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க மாமா, நாலு பேரோட பழகுங்க" என்று அவள் தம்பிதான் என்னை இந்தச் சங்கத்தில் சேர்த்துவிட்டான். சேர்த்த ஆறாம் மாதம் அவன் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டான். போகிறவன் சந்தாப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "விட்டுடாதீங்க" என்றான். நானும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் சங்கம் ஒரு வேன் வாங்கத் தீர்மானித்தது. தனியாக இருக்கிற வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வர. நிதி திரட்டப் பழைய புத்தக விற்பனை, மெல்லிசை நிகழ்ச்சி என்று எல்லாம் செய்து பார்த்துக் கடைசியில் வாக்கு ஏலம் ஒன்று வைத்தோம். ஒவ்வொரு உறுப்பினரும் தன்னால் முடிந்த ஒரு காரியத்தைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் அதை ஏலம் கேட்க வேண்டும். தலைவர் தன் கையால் ஆறு பேருக்குச் சமைத்துப் போடுவதாக எழுதினார். பல் டாக்டர் ஒரு நாள் காரோட்டுவதாக எழுதினார். சீட்டு இரண்டு பாதி. ஒரு பாதி வாங்கியவரிடம் இருக்கும், இன்னொன்று சங்கத்து உறையில். வேலை முடிந்ததும் செய்தவர் உறையில் இருக்கிற பாதியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு விதி உண்டு: வேலை செய்ய வருகிறவருக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு, சீட்டை வாங்கியவர் வீட்டில்.

நான் எழுதியது: 'ஒரு நாள் குழாய் வேலை. சனிக்கிழமை. அழைத்தால் வருவேன்.'

அதை எழுதும்போது குழாயையா நினைத்தேன்? சாப்பாட்டை நினைத்தேன். சாப்பாட்டைக்கூட இல்லை. ஒரு வீட்டில், கையைக் கழுவிவிட்டு, மேசையில் உட்கார்ந்து, எதிரே ஒருவர் "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று சொல்வதை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வெட்கமாகத்தான் இருந்தது.

என் சீட்டு வந்ததும் ஏலம் படுத்துவிட்டது. "உன்னை ஃபோன் பண்ணாலே வரப்போறே, இதுக்கு ஏலம் வேறயா?" என்று பல் டாக்டர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கணக்கு டீச்சர்.

டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்து நாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வாரக் கூட்டக் குறிப்பைச் செயலாளர் வாசித்து முடித்ததும் வாரா வாரம் எழுந்து, "ஒரு திருத்தம்" என்பார். வந்தது இருபத்தேழு பேர் இல்லை, இருபத்தாறு. பேச்சாளர் சொன்னது பதினொன்றாம் தேதி, பன்னிரண்டு இல்லை. ஒருநாள் ஒரு நிமிஷம் தாமதமாக வந்து, நானே கவனிக்காமல் விட்டபோது, தானாக வந்து அபராதப் பெட்டியில் காசு போட்டவர். அன்றைக்கு என் சீட்டுக்கு ஒரு விலை சொன்னார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. தலைவர் சுத்தியலைத் தட்டப் போகும்போது, "இருங்க. ஒரு நாள் கூலியே அதைவிட அதிகமாச்சே" என்று தன் விலைக்கு மேலே தானே கேட்டார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அது அவருக்குக் கணக்கு.

அந்த வாரத்திலிருந்து நான் சனிக்கிழமைகளில் வேலை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவர் கூப்பிடுகிற நேரத்தில் நான் எவன் வீட்டுக் கழிவறையிலோ கிடந்தால்? முதல் சனிக்கிழமை புது வாஷர், டேப், இரண்டு ஸ்பானர் எல்லாம் பையில் எடுத்து வைத்து, சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. சரி, இப்போதுதானே வாங்கினார். இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம். புதன்கிழமைகளில் பார்க்கும்போது, "நல்லா இருக்கீங்களா?" என்பார், பேட்ஜை எடுத்துக்கொண்டு போவார். சீட்டைப் பற்றி மூச்சு விட மாட்டார். நானும் கேட்கவில்லை. "ஏன் என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டால் கையேந்துகிற மாதிரி இல்லையா? இதற்கிடையில் தலைவர் ஆறு பேருக்குச் சமைத்து, அதில் உப்பை மறந்து, அந்தக் கதை நாலு வாரம் ஓடியது. பல் டாக்டர் காரோட்டிப் போன வீட்டில் சாயங்காலம் வரைக்கும் சீட்டாடிவிட்டு வந்தார். அந்தக் கதைகளுக்கெல்லாம் அபராதம் போட்டுச் சிரிக்க வைத்தவன் நான்தான்.

ஒரு சனிக்கிழமை மழை கொட்டியது. காலையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பதினொரு மணிக்கு என்னவோ ஒரு வேகம், உறுப்பினர் பட்டியலில் விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். 'இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், டீச்சர்' என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். சின்ன வீடு. பச்சை கேட். ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் பார்த்தது வெளிச்சுவரில் இறங்கியிருந்த பைப்பைத்தான். ஒரு மூட்டிலாவது கசிவு இருக்கக் கூடாதா? இல்லை. எந்தப் பாவி மாட்டினானோ, அப்படி ஒரு சுத்தமான வேலை. எதைச் சொல்லி உள்ளே போவது? கேட்டில் கையை வைத்தபடி நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வந்த வழியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது ஒரே எரிச்சல். யார்மேல் என்று தெரியவில்லை.

இப்படியே வருஷம் ஓடி, கடைசிப் புதன் வந்துவிட்டது. வருஷக் கடைசிக் கூட்டத்தில் வாக்கு ஏல உறையைப் பிரிக்க வேண்டும். கையெழுத்தில்லாத சீட்டை உரக்கப் படித்து, வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்தாதவருக்கு அபராதம் போட வேண்டும். அத்தோடு சீட்டு காலாவதி. படிக்கிறவன் யார்? நான்தான்.

சூப் முடிந்து ரொட்டித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு தலைவர் மணியடித்தார். எழுந்தேன். உறையில் கையெழுத்தில்லாமல் மூன்று சீட்டுதான் பாக்கி. முதலாவது, தோட்டத்தில் புல் வெட்டித் தருவதாகச் செயலாளர் எழுதியது. வாங்கியவருக்குத் தோட்டமே இல்லையாம். அதை வைத்து இரண்டு நிமிஷம் ஓட்டினேன். இரண்டாவது, தலைமுடி வெட்டிவிடுவதாக எழுதியது; வாங்கியவர் பல் டாக்டர். அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மூன்றாவது சீட்டை எடுத்தேன். என் கையெழுத்து. 'அழைத்தால் வருவேன்.'

படித்தால் என்ன ஆகும் என்று தெரியும். "ஐயோ பாவம், அபராதத்தை ஒருத்தரும் கூப்பிடலையா!" என்று யாராவது சொல்வார்கள். வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். ஒருவேளை யாராவது, "எங்க வீட்டுக்கு வாய்யா" என்பார்கள். அதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது வரிசையில் டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது... இது முடிஞ்சுபோன வேலை" என்றேன். "நான்தான் கையெழுத்துப் போட மறந்துட்டேன். ஆனா கதையைச் சொல்லாம விட்டா நியாயமில்லை. ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. டீச்சர் வீட்டுப் பச்சை கேட்டைத் தள்ளிட்டு உள்ள போறேன். சமையலறைக் குழாய் சொட்டுது. சரி, வாஷர் போயிருக்கும்னு குனிஞ்சா, பின்னாடி டீச்சர். கையில ஸ்கேல். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வாளின்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. நான் ஸ்பானரைத் திருப்பினா, 'எத்தனை டிகிரி திருப்புறீங்க?'ன்னு கேக்குறாங்க. முப்பது வருஷமா குழாய் ரிப்பேர் பண்றேன், முதல் தடவையா பரீட்சை எழுதுற மாதிரி வேர்த்துப்போச்சு..."

வாய்க்கு வந்தபடி போய்க்கொண்டிருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நாலைந்து நிமிஷம் நான் அந்த வீட்டில் இருந்தேன். ஜன்னல் விளக்கு எரிந்தது. வெளியே மழை பெய்தது. கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். "சாப்பாட்டைப் பத்தி மட்டும் குறை சொல்ல மாட்டேன்" என்று முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

பல் டாக்டர் திரும்பினார். "டீச்சர், இவன் சொல்றதை நம்பலாமா? திருத்தம் எதுவும் இல்லையா?"

எல்லாத் தலையும் திரும்பியது. அந்த அறையில் பொய்யே சொல்லாத ஒரே ஆளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு புளுகியிருக்கிறேன். டீச்சர் மெதுவாக எழுந்தார். எப்போதும்போல நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினார்.

"ஒரு திருத்தம்" என்றார்.

கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

"வாஷர் ஒண்ணு இல்லை. ரெண்டு."

அறை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, "சாதம் ரெண்டாவது தடவை போட்டப்போ வேண்டாம்னுட்டார். சரியா சாப்பிடலை" என்று சொல்லி உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் அப்படியே வைத்தார்.

கையெழுத்துப் போட மறந்ததற்காக எனக்கே அபராதம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பெட்டியில் காசைப் போட்டேன். பேனாவை வாங்கிச் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. இன்றைக்குக் காலாவதி என்றாலும் இந்த நிமிஷம் வரைக்கும் உயிரோடு இருந்த சீட்டு அது. ஒரு பேச்சுக்காவது, "அடுத்த சனிக்கிழமை வாங்களேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அதை நானே என் கையால் முடித்து வைத்துவிட்டேன்.

நன்றியுரை முடிந்தது. நாற்காலிகள் இழுபட்டன. பேட்ஜ்களை ஆணியில் மாட்டிவிட்டு, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். "ஸ்கேல்! எங்கேருந்துய்யா பிடிச்சே!" என்றார் தலைவர். கூட்டம் கலைந்ததும் ஹோட்டல்காரர்களின் மைக்கைக் கீழே ஒப்படைக்க இறங்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நின்றிருந்தார். எனக்காகத்தான்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க. எனக்கு என்னவோ..."

"கேட் பச்சைன்னு எப்படித் தெரியும்?"

மைக்கை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"பட்டியல்ல விலாசம்தான் இருக்கு. கேட்டோட நிறம் போடலையே."

"ஒருநாள் வந்தேன். மழை பெஞ்ச அன்னைக்கு."

"அக்டோபர் பதினேழாம் தேதியா?"

"தேதி ஞாபகமில்லை."

"சனிக்கிழமை காலையில பெஞ்சது பதினேழாம் தேதி ஒண்ணுதான்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நான் வீட்லதான் இருந்தேன். ஏன் பெல் அடிக்கலை?"

"நீங்க கூப்பிடலையே, டீச்சர்."

அவர் கைப்பையைத் திறந்தார். மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சீட்டின் இன்னொரு பாதியை எடுத்தார். மடித்த இடமெல்லாம் நைந்து துணி மாதிரி ஆகியிருந்தது.

"எதுவும் கெடலை" என்றார். "நான் என்ன பண்ணட்டும்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லாக் குழாயையும் திறந்து மூடிப் பாப்பேன். வீட்ல ஏழு குழாய். ஒண்ணுகூடச் சொட்டலை. போன மாசம் வாசல் குழாய் லேசா ஒழுகற மாதிரி இருந்தது. ராத்திரிக்குள்ள அதுவே நின்னுடுச்சு."

"சும்மா கூப்பிட்டிருக்கலாமே. கெட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சுக்கு..."

"கெடாததைக் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? சீட்டுல நீங்க குழாய் வேலைன்னுதானே எழுதியிருந்தீங்க." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தப்பு எந்த வரியில் என்று தேடுகிற குரல். "சனிக்கிழமைன்னா ஒரு ஆளுக்குக் கூடுதலாத்தான் சமைச்சேன். மதியத்துக்குள்ள ஏதாவது கெட்டா, அவசரத்துல சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு."

ஒரு வருஷம் முழுக்க நான் அங்கே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், இவர் இங்கே ஏழு குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நடுவில் ஸ்கூட்டரில் போனால் கால் மணி நேரம்.

"இனிமே ஏதாவது கெட்டா ஒரு போன் போடுங்க, டீச்சர். சீட்டு எதுக்கு, எந்த நாளா இருந்தாலும்..."

"கெட்டா எப்படிக் கூப்பிடுவேன்?" என்றார். "ரெண்டு வாஷரையும் மாத்தியாச்சுன்னு இப்பத்தானே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன்."

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. சீட்டை மறுபடி நாலாக மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். "வரேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக, கைப்பிடியை விடாமல் இறங்கிப் போனார்.

மைக்கைக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தேன். அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம் தெரியும். டீச்சர் அங்கே நின்றிருந்தார், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பஸ் வந்தது, மறைத்தது, போனது. நிறுத்தம் காலியாகிவிட்டது. இனி அடுத்த புதன்தான் என்று நினைத்தேன். இல்லை, வருஷ முடிவு என்பதால் மூன்று வாரம் விடுமுறை. மூன்று வாரத்துக்கு இந்த அறைகூடக் கிடையாது.

என் பேட்ஜைக் கழற்றி மாட்டிவிட்டு, பலகையை மடிக்கும் முன் வழக்கம்போல வரிசை வரிசையாகச் சரிபார்த்தேன். மூன்றாவது வரிசையில், டீச்சர் பேட்ஜ் இருக்க வேண்டிய ஆணியில் நின்றேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மேசைக்கடியில் தேடினேன், வாசலில் தேடினேன். பெருக்குகிறவரிடம்கூடக் கேட்டேன்.

இல்லை. எதையும் மறந்து போகிறவரில்லை அவர். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அந்தக் கலக்கத்தில் மறந்தாரோ என்னவோ. எனக்கென்ன தெரியும்?

அபராத நோட்டைத் திறந்தேன், எழுதப் பேனாவை எடுத்தேன், மூடிவிட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பலகை என் முன்னால் விரிந்தபடி இருந்தது. முப்பத்தொன்பது பேட்ஜ்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வெற்று ஆணி. ஜன்னல் வெளிச்சம் பட்டு அதன் சின்ன நிழல் பலகையில் சாய்ந்திருந்தது.